பெர்க்லி 12ஜேசி ஜெட் பம்ப்: எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால்

பழைய ஜெட் போட் விற்பனைக்கு வரும்போது ஒரு வரி தவறாமல் கூடவே வரும்: "எஞ்சின் அருமையாக இருக்கிறது, பம்பில் மட்டும் சின்ன வேலை." அந்தச் சின்ன வேலை அரை மணி நேரத்தில் முடிவதாகவும் இருக்கலாம், பம்பையே பிரித்துப் போடுவதாகவும் இருக்கலாம். எது என்று பம்பைத் திறக்காமலேயே முக்கால்வாசி சொல்லிவிட முடியும் என்பதுதான் பெர்க்லி 12ஜேசியின் பெரிய குணம். இந்த விமர்சனம் அந்தக் குணத்தைச் சுற்றித்தான்.

முதலில் பொருள். 1970-களின் அமெரிக்க ஜெட் போட்களில் அதிகம் காணப்படும் பம்ப்களில் இது ஒன்று. ஓல்ட்ஸ்மொபைல் 455, ஃபோர்டு 460, செவ்ரோலே 454 மாதிரியான பெரிய வி8 எஞ்சின்களோடு, யுனிவர்சல் ஜாயின்ட் உள்ள குட்டி ஷாஃப்ட் வழியாக நேரடியாக இணைந்திருக்கும். கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை, நியூட்ரலும் இல்லை. எஞ்சின் ஓடினால் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் தகடுகள் உள்ள சக்கரம், சுற்றும், அவ்வளவுதான். பின்னால் போக வேண்டுமானால், தண்ணீர் வெளியேறும் குறுகிய வாயான நாசிலுக்குப் பின்னால் ஒரு பக்கெட் இறங்கி, வெளியே பாயும் தண்ணீரை முன்பக்கம் திருப்பிவிடும். படகின் அடியில் உள்ள வாய் வழியாக ஏறும் தண்ணீர், ஒரே ஒரு இம்பெல்லரில் சுழன்று, பவுல் எனப்படும் கிண்ணத்துக்குள் இருக்கும் நிலையான தகடுகளில் சுழற்சி நீங்கி, நாசிலில் குறுகி, வேகமாக வெளியேறும். ஜெட் போட்டை ஓடும் ஆறுகளுக்கு ஏற்றதாக 1950-களில் நியூசிலாந்தில் உருவாக்கிக் காட்டியவர் பில் ஹாமில்டன். பெர்க்லி அதே கொள்கையை, பெரிய எஞ்சினின் முழுப் பலத்தையும் தாங்கும் முரட்டு வார்ப்பில் செய்தது.

பம்பாக இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் பாதிப் படகுகளில் தள்ளுவிசை குறைந்ததும் செய்யப்படும் முதல் காரியம் தவறானது: பெரிய இம்பெல்லர் வாங்கிப் போடுவது. காய்ச்சல்காரனுக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவது மாதிரி. இம்பெல்லரில் கை வைக்கும் முன், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள்.

ஏன் டாக்கோமீட்டர்? புரொப்பெல்லர் படகில் ஆர்பிஎம் படகின் வேகத்தோடு ஏறும் இறங்கும். ஜெட் பம்ப் அப்படியில்லை. த்ராட்டிலை முழுதாகத் திறந்தால், படகு மெதுவாக நகர்ந்தாலும் சரி, பறந்தாலும் சரி, ஆர்பிஎம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் நிற்கும். பம்ப் விழுங்கும் சக்தி ஆர்பிஎம்மின் மும்மடிக்கு (ஆர்பிஎம் × ஆர்பிஎம் × ஆர்பிஎம்) ஏற்பவும், தள்ளுவிசை அதன் இருமடிக்கு (ஆர்பிஎம் × ஆர்பிஎம்) ஏற்பவும் கூடும். அதாவது பம்பே எஞ்சினின் குதிரைத்திறனை எடைபோடும் தராசு. 4,400-இல் நின்றுகொண்டிருந்த எஞ்சின் இப்போது 4,200-இல் நிற்கிறது என்றால் "இருநூறுதானே" என்று விட முடியாது. கணக்குப் போட்டால் எஞ்சின் சுமார் 13 சதவீத சக்தியை இழந்திருக்கிறது, தள்ளுவிசை 9 சதவீதம் போயிருக்கிறது. 4,000-க்கு இறங்கியிருந்தால் சக்தியில் கால்வாசி காணவில்லை.

இதிலிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. முழுத் த்ராட்டிலில் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் குறைவு: குற்றவாளி எஞ்சின், அல்லது பம்புக்குள் ஏதோ உரசுகிறது. ஆர்பிஎம் வழக்கத்தைவிட அதிகம், அல்லது திடீர் திடீரென்று எகிறுகிறது: பம்ப் தண்ணீரைப் பிடிக்கவில்லை. ஆர்பிஎம் அப்படியே இருக்கிறது, படகு மட்டும் மந்தம்: பம்புக்குப் பின்னால் அல்லது படகின் உடலில் தேடுங்கள். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பது வீண்.

ஒரு எச்சரிக்கை. பழைய படகின் டாக்கோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பின்பக்கம் 4, 6, 8 சிலிண்டர் தேர்வு செய்யும் சுவிட்ச் இருக்கும் மாடல்களில் அந்த சுவிட்ச் துருப்பிடித்தால் முள் பொய் சொல்லும். ஒரு டிஜிட்டல் டாக்கோவால் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். த்ராட்டில் கேபிள் நீண்டுபோய், கார்புரேட்டரின் இரண்டாவது ஜோடி வால்வு முழுதாகத் திறக்காமல் இருப்பதும் சாதாரணம். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் லீவரை முழுதாகத் தள்ள, இன்னொருவர் கார்புரேட்டர் வாயைப் பார்த்தால் போதும். ஆர்பிஎம் குறைவு என்று முடிவானால் பிறகு இக்னிஷன் டைமிங், எரிபொருள் ஃபில்டர், கம்ப்ரெஷன் என்று வழக்கமான எஞ்சின் வேலைதான். அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

சோதனை ஓட்டத்தைக் குறைந்தது ஒரு மீட்டர் ஆழமாவது உள்ள இடத்தில் செய்யுங்கள். ஆழமில்லாத இடத்தில் முழுத் த்ராட்டில் கொடுத்தால் பம்ப் மணலையும் கல்லையும் உறிஞ்சும். குறையைக் கண்டுபிடிக்கப் போய்ப் புதுக் குறையை உண்டாக்கியதாகிவிடும். கையை உள்ளே விடும் எந்த வேலைக்கும் முன் எஞ்சின் அணைந்து, சாவி வெளியே வந்து, பேட்டரி வயர் கழன்றிருக்க வேண்டும். நியூட்ரல் இல்லாத இயந்திரம் இது. ஸ்டார்ட்டர் ஒரு நொடி சுற்றினாலும் விரல் மிஞ்சாது.

ஆர்பிஎம் எகிறும் வகைதான் அதிகம் வருவது, அதில் முதலில் பார்க்க வேண்டியது அடைப்பு. படகின் அடியில் உள்ள கம்பிச் சட்டத்தில் பாசி, கொடி, பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தால் தண்ணீர் போதாமல் இம்பெல்லர் பாதி வெறுமையில் சுற்றும். எஞ்சினை அணைத்துச் சில நொடிகள் விட்டால் உறிஞ்சல் நின்று பாசி தானாக உதிர்வதும் உண்டு. உதிரவில்லையென்றால் 12ஜேசியில் இருக்கும் அருமையான வசதி கைகொடுக்கும்: படகுக்குள் இருந்தபடியே திறக்கக்கூடிய கைத்துளை. அதன் மூடியைக் கழற்றினால் இம்பெல்லரின் வாய்வரை கை எட்டும். மிதக்கும் படகில் திறக்கும் முன் தண்ணீர் மட்டம் துளைக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் பின்னால் இருந்தால் தண்ணீர் உள்ளே பொங்கும். ஆட்களை முன்பக்கம் அனுப்பினாலே மட்டம் இறங்கிவிடும். சந்தேகமிருந்தால் டிரெய்லரில் ஏற்றிய பிறகு திறப்பதே நல்லது.

கயிறு சிக்கியிருந்தால் கதை வேறு. நைலான் கயிறு ஷாஃப்டைச் சுற்றி இறுகி, உரசலில் உருகிக் கட்டியாகிவிடும். இழுத்தால் வராது. வளைந்த கொக்கி போன்ற கத்தியால் நீளவாக்கில் கீறி, ஷாஃப்டைக் கையால் எதிர்த்திசையில் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஒரு சிறு கல் இம்பெல்லரின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் மாட்டினால் ஒரு பாதை மட்டும் அடைபட்டு, தள்ளுவிசைக் குறைவோடு அதிர்வும் சேர்ந்து வரும். அதிர்வு புதிதாக வந்திருக்கிறது என்றால் முதலில் கல்லைச் சந்தேகப்படுங்கள். பவுலுக்குள் இருக்கும் நிலையான தகடுகளில் மாட்டிய கல்லை முன்பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. நாசில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடைப்பு இல்லை, ஆனாலும் ஆர்பிஎம் அலைபாய்கிறது என்றால் காற்று. பெர்க்லிக்காரர்களை அதிகம் ஏமாற்றும் குறை இதுதான், காரணம் வெளியே எதுவும் தெரியாது. ஓடும்போது இம்பெல்லருக்கு முன்னால் உள்ள பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகும் நேரங்கள் உண்டு. அப்போது மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்றை இழுக்கும். இம்பெல்லருக்குத் தண்ணீரைத்தான் தள்ளத் தெரியும். நுரையைத் தள்ளத் தெரியாது. நாசிலிலிருந்து வரும் ஜெட் கண்ணாடி போல இல்லாமல் பால் போல வெளுத்து வந்தால் காற்று கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

காற்று புகும் வாசல்கள் எண்ணிக்கையில் குறைவுதான். முதலாவது, மேலே சொன்ன கைத்துளை மூடியின் ஓ-ரிங். பல வருடம் அழுத்தத்தில் இருந்த ஓ-ரிங் உருண்டை வடிவத்தை இழந்து தட்டையாகிவிடும். விரலில் எடுத்து உருட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் பட்டையாகப் பளபளத்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். மூடியை அழுத்தும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டை ஆவேசமாக இறுக்கினால் மூடி வளையும், கசிவு இன்னும் கூடும். புது ஓ-ரிங், சுத்தமான பள்ளம், மெல்லிய கிரீஸ் பூச்சு, அளவான இறுக்கம். வேறு எந்த சீலன்ட்டும் தேவையில்லை. சிலிக்கான் பேஸ்ட் அப்பியிருக்கும் மூடியைப் பார்த்தால், இதற்கு முன் யாரோ இந்தக் குறையைத் தேடிப் பாதியில் விட்டிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஷாஃப்ட் பம்புக்குள் நுழையும் இடத்தின் கிளாண்ட் பேக்கிங். கயிறு வடிவில் உள்ள இந்த அடைப்பு சில சொட்டுகள் கசியத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ஷாஃப்டுக்கும் பேக்கிங்குக்கும் குளிர்ச்சி. சொட்டே விழாதபடி முறுக்கியிருந்தால் பேக்கிங் கருகி, ஷாஃப்டில் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு புதுப் பேக்கிங் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே தண்ணீர் வெளியேயும் காற்று உள்ளேயும் போய்க்கொண்டிருக்கும். இறுக்கும்போது இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஐடிலில் விட்டுச் சொட்டைப் பாருங்கள். புதுப் பேக்கிங் போடுவதானால் பழையதை ஒரு துண்டும் மிச்சமில்லாமல் கொக்கியால் எடுக்க வேண்டும். வளையங்களைச் சாய்வாக வெட்டி, ஒரு வளையத்தின் வெட்டு அடுத்ததன் வெட்டுக்கு நேராக வராமல் திருப்பி வைக்க வேண்டும். வெட்டுகள் ஒரே வரிசையில் நின்றால் அது காற்றுக்குப் போட்ட பாதை.

மூன்றாவது, வார்ப்புகள் சேரும் இடங்களின் கேஸ்கெட்டும், பம்பின் வாய் படகின் அடித்தளத்தோடு சேரும் இடமும். ஃபைபர் படகில் அந்த விளிம்பு தளர்ந்திருக்கலாம். குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் நின்று உறைந்திருந்தால் வார்ப்பிலேயே மெல்லிய விரிசல் இருக்கும்.

இவற்றைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஒரு தந்திரம் போதும். படகு நிற்கும்போது பம்பின் உள்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், எங்கே தண்ணீர் படகுக்குள் கசிகிறதோ, அதே இடம்தான் ஓடும்போது காற்றை உறிஞ்சும். பில்ஜை, அதாவது படகுக்குள் தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியை, துடைத்துக் காயவைத்து, இணைப்புகளைச் சுற்றிச் சாக்பீஸ் தூள் தடவிவிட்டு அரை மணி நேரம் மிதக்க விடுங்கள். ஈரக்கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மட்டத்துக்கு மேலே உள்ள கைத்துளை மூடி இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு இன்னொரு வழி. மூடியின் ஓரம் முழுக்கக் கெட்டியான கிரீஸைத் தாராளமாக அப்பி, ஓட்டிப் பாருங்கள். தள்ளுவிசை திரும்பினாலோ, கிரீஸ் ஓரிடத்தில் உள்ளே இழுக்கப்பட்டிருந்தாலோ விடை கிடைத்தது.

காற்று வெளியிலிருந்தும் வரலாம், பம்பில் குறையே இல்லாமல். பம்பின் வாய்க்கு நேர் முன்னால் ஆழமானியின் சென்சாரைத் திருகி வைத்திருந்தால், அல்லது டிரெய்லர் உருளை அடித்தளத்தில் குழி போட்டிருந்தால், அதன் பின்னால் கிளம்பும் குமிழ்கள் நேராகப் பம்புக்குள் போகும். வேகம் கூடக் கூடக் குறை மோசமாவது இதன் அடையாளம். கேவிட்டேஷன் இதற்கு நேர் எதிர். நின்ற நிலையிலிருந்து த்ராட்டிலை அடித்துத் திறக்கும்போது உறிஞ்சும் பக்கம் அழுத்தம் மிகக் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழாகிறது. படகு வேகமெடுத்ததும் தண்ணீர் தானே உள்ளே தள்ளப்படுவதால் சரியாகிவிடும். கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்கும். இதை அடிக்கடி அனுபவித்த இம்பெல்லரின் தகடுகளில் ஸ்பாஞ்ச் மாதிரி பொத்தல் விழுந்திருக்கும். கிளம்பும்போது மட்டும் எகிறினால் கேவிட்டேஷன், ஓட்டத்தில் எகிறினால் காற்று: நூற்றுக்கு நூறு இல்லையென்றாலும் நல்ல ஆரம்பக் கணிப்பு.

அடுத்தது தேய்மானம். 12ஜேசியின் இம்பெல்லர் மூடிய வகை. அதன் முன்பக்கக் கழுத்து, தேய்வதற்கென்றே வைத்த வேர் ரிங் (wear ring) என்ற வளையத்துக்குள் மிகச் சிறிய இடைவெளியில் சுற்றும். பவுலுக்குள் அழுத்தமேறிய தண்ணீர் திரும்பவும் உறிஞ்சும் பக்கம் ஓடிவிடாமல் தடுப்பது அந்த இடைவெளிதான். மணல் கலந்த தண்ணீரில் ஓடினால் அது அகலும். அகல அகல, பம்ப் தள்ளிய தண்ணீரையே திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சின் உழைக்கும், பெட்ரோல் கரையும், படகு பழைய வேகத்தைத் தொடாது. காற்று புகுந்தால் ஏற்படும் ஆட்டம் இதில் இருக்காது. ஆர்பிஎம் கொஞ்சம் கூடியோ மாறாமலோ இருக்கும். ஒரு நாளில் வந்த குறையாகவும் இருக்காது, ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். அதனாலேயே பலருக்குத் தெரிவதில்லை.

இங்கே பவுலின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்று பொருத்துவது நல்ல முதலீடு. எஞ்சினுக்குக் குளிர்விக்கும் தண்ணீரே பவுலின் அழுத்தத்தில்தான் போகிறது, எனவே அந்த வழியில் ஒரு கேஜ் சேர்ப்பது கடினமில்லை. பம்ப் நன்றாக இருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் என்ன அழுத்தம் என்று எழுதி வையுங்கள். அதே ஆர்பிஎம்மில் முள் மெல்ல மெல்ல இறங்கிவந்தால் வேர் ரிங், துள்ளினால் காற்று. தள்ளுவிசை குறைந்ததோடு எஞ்சினும் சூடேறுகிறது என்றால் இரண்டும் தனித்தனிக் குறைகள் இல்லை. பம்ப் அழுத்தம் தரவில்லை என்பதன் இரண்டு முகங்கள்.

இந்த இடைவெளியை அளக்க, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் போதும். லேத் பட்டறை மொழியில் சொன்னால், பெர்க்லி வகைப் பம்புக்குப் புதிதாகப் போடும்போது ஒரு பக்கத்துக்குப் பத்து முதல் பதினைந்து தௌ இடைவெளி வைப்பது வழக்கம். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. சுமார் 40 தௌ ஒரு மில்லிமீட்டர். முப்பது தௌவைத் தாண்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கடைசி வார்த்தை அந்தந்தப் பம்பின் கையேட்டுக்குத்தான். அளப்பதை ஒரே இடத்தில் நிறுத்தாமல் கடிகார முகம் போல 12, 3, 6, 9 என நான்கு இடத்திலும் செய்யுங்கள். கீழே நெருக்கம், மேலே அகலம் என்று வந்தால் ரிங் மட்டும் போகவில்லை. பவுலின் பின்முனையில் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் தொங்குகிறது. அந்த நிலையில் புது ரிங் போட்டால் முதல் ஓட்டத்திலேயே இம்பெல்லர் அதை ஒரு பக்கமாகச் செதுக்கிவிடும். புஷ்ஷை முதலில் மாற்றுங்கள்.

ரிங் மாற்றும் வேலை, பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியது. பவுலையும் இம்பெல்லரையும் எடுத்த பிறகு, பழைய ரிங்கை ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து அறுக்க வேண்டும். முழுதாக அல்ல, வார்ப்பைத் தொடும் முன் நிறுத்தி, மிச்சமிருக்கும் மெல்லிய சுவரை உளியால் மடக்கி உருவுங்கள். அந்த அரை மில்லிமீட்டர் அவசரத்தில் வார்ப்பில் கீறல் விழுந்தால், புது ரிங்கின் பின்னால் தண்ணீர் ஓட வழி செய்தாகிவிட்டது. புது ரிங்கைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள், வார்ப்பை ஹாட் ஏர் கன்னால் மிதமாகச் சூடாக்குங்கள். பிறகு மரக்கட்டை வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டினால் நேராக இறங்கும். சாய்ந்தால் உடனே நிறுத்தி வெளியே எடுங்கள். அடித்து நேராக்க முயன்றால் ரிங் நீள்வட்டமாகும்.

ரிங்கை மட்டும் மாற்றி ஏமாறுவது சகஜம். இம்பெல்லரின் கழுத்திலும் பள்ளம் விழுந்திருந்தால் புது ரிங்கோடு சேர்ந்தாலும் இடைவெளி குறையாது. கழுத்தை லேத்தில் ஏற்றி வட்டமாகத் திருப்பி, அந்தக் குறைந்த அளவுக்குத் தக்கபடி உள்விட்டம் கடைந்த ரிங் போடுவதே சரி. அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் கழுத்தின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள்.

இம்பெல்லரின் தகட்டு முனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல் பட்டு மழுங்கிய முனைகளை அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தாலே இழந்த தள்ளுவிசையில் ஒரு பகுதி திரும்பும். பிளேடு மாதிரி கூராக்கினால் முதல் மணலிலேயே சில்லு பெயரும். தகட்டின் கோணத்தை மாற்றாதீர்கள். எல்லாத் தகடுகளிலும் சமமாக எடுங்கள், இல்லையென்றால் பேலன்ஸ் போய்விடும்.

எஞ்சின் திடீரென்று ஓவென்று கத்தி, படகு அந்த நொடியே நின்றுவிட்டால் மேலே சொன்ன எதுவும் இல்லை. எஞ்சினையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங்கோ, இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சாவித் துண்டோ அறுந்துவிட்டது. ரப்பர் கப்ளிங் உள்ள படகுகளில் அது அறுகாமல் வழுக்குவதும் உண்டு. கப்ளிங்கின் இரண்டு பாதிகளையும் குறுக்கே சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு உடைந்து இரண்டு இடத்தில் நின்றால் வழுக்குகிறது.

ஆர்பிஎம் மாறவில்லை, அழுத்தமும் சரி, படகு மட்டும் சோம்பல் என்றால் ரிவர்ஸ் பக்கெட்டைப் பாருங்கள். கேபிள் நீண்டு, பக்கெட்டின் உதடு ஒரு விரற்கடை இறங்கி ஜெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலே வேகம் போகும். பின்னால் விசிறியடிக்கும் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். கேபிள் முனையை இரண்டு மூன்று சுற்றுத் திருகினால் முடிந்தது. அதுவும் இல்லையென்றால் படகின் எடை. பழைய ஃபைபர் படகின் தளத்துக்கடியில் உள்ள நுரை, வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துப் பாறையாகியிருக்கும். டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, டிரெய்லர் எடையைக் கழித்துப் பாருங்கள். பம்ப் ரிப்பேர் எதுவும் அந்த எடையைக் குறைக்காது.

உதிரிபாகத் தேர்வில் கருத்து வேறுபாடு நிறைய உண்டு. இந்த விமர்சனத்தின் சாய்வைச் சொல்லிவிடுகிறோம். அலுமினியம் இம்பெல்லர் சுத்தமான ஏரித் தண்ணீரில் மட்டும் ஓடும் படகுக்குப் போதும். மணலில் சீக்கிரம் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் இம்பெல்லர் கல்லையும் மணலையும் தாங்கும், முனை நீண்ட நாள் நிற்கும். ஆனால் ஸ்டெயின்லெஸ் இம்பெல்லருக்கு ஸ்டெயின்லெஸ் ரிங் என்ற ஜோடி பார்க்கத்தான் அழகு. அந்த இரண்டும் உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. நெருக்கமான இடைவெளி வேண்டுமானால் வெண்கல ரிங்கே மேல். தேய வேண்டியது மலிவான ரிங்காக இருக்கட்டும். அளவைப் பொறுத்தவரை, பெர்க்லி இம்பெல்லர்களில் ஏஏ பெரியது, பிறகு ஏ, பி, சி என்று சிறுத்துக்கொண்டே போகும். பெரியது அதிகச் சக்தியை விழுங்கும், ஆர்பிஎம்மை இறக்கும். சாதாரண எஞ்சினுக்கு ஏஏ போட்டால் அது மூச்சுவாங்கும் இடத்திலேயே நின்றுவிடும். காற்றுக் கசிவை வைத்துக்கொண்டு ஏஏ போட்டால் எகிறல் கொஞ்சம் அடங்கியது போலத் தெரியும், குறை அப்படியே இருக்கும். அப்படிப் போட்ட படகுகள்தான் "பம்பில் சின்ன வேலை" என்று விற்பனைக்கு வருபவை.

ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு: 1990-களுக்குப் பிந்தைய சிறு ஜெட் போட்களில், உதாரணமாக 2012-இல் நிறுத்தப்பட்ட சீ-டூ படகுகளில் இருப்பது வேறு வகை, தகடுகள் திறந்திருக்கும் நேரோட்டப் பம்ப். அங்கே தகட்டின் நுனியே வேர் ரிங்குக்குள் சுற்றுவதால் ஒரு கூழாங்கல் ரிங்கில் இழுக்கும் ஒரு கீறலே கிளம்பும் வேகத்தை உடனே குறைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வந்தால் ரிங் கதை முடிந்தது. ஆனால் ரிங் பிளாஸ்டிக் வகை, மாற்றுவது சுலபம். காற்று புகும் இடமும் வேறு: ஷாஃப்டில் பெல்லோஸ் எனப்படும் மடிப்பு ரப்பர் குழாய் அழுத்திப் பிடிக்கும் கார்பன் வளையம். பெல்லோஸ் தளர்ந்தால் வேகத்தில் காற்றை இழுக்கும், ஐடிலில் எதுவுமே தெரியாது. கைத்துளை இல்லாததால் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பெர்க்லிக்குத் தாராளமாக ஒரு மதிப்பெண் கூடுதல்.

பெர்க்லியின் குறைகளையும் மறைக்க வேண்டாம். பேக்கிங்கை அடிக்கடி கவனிக்க வேண்டும். மெதுவான வேகத்தில் பெட்ரோல் குடிக்கும், திசை பிடிக்காது. அலுமினியமும் வெண்கலமும் ஒன்றாக இருக்கும் பம்பைக் கடல்நீரில் விடுவது அரிப்புக்கு விருந்து வைப்பது. பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கும்போது ஆர்வக்கோளாறில் அளவுக்கு மீறினால் சீல் பிதுங்கும். அந்த முன்பக்க பேரிங்தான் படகை முன்னே தள்ளும் முழு விசையையும் தாங்குகிறது. அது தேய்ந்தால் இம்பெல்லர் இடம் நகரும். ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளி டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்ப்பது, பழைய படகு வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை.

பிரித்துச் சேர்த்த பம்பை முதல் நாளே முழுத் த்ராட்டிலில் விரட்ட வேண்டாம். புதுப் பேக்கிங் முதல் ஒரு மணி நேரத்தில் அமுங்கும், சொட்டு கூடும். நிறுத்தி, நட்டுகளை ஒரு முகம் திருப்பி, மறுபடி பாருங்கள். கைத்துளை மூடியையும் ஒருமுறை தொட்டு இறுக்கம் பாருங்கள். அதன் பிறகு முழுத் த்ராட்டில் ஆர்பிஎம்மையும் பவுல் அழுத்தத்தையும் எடுத்து, எஞ்சின் மூடியின் உள்பக்கம் தேதியோடு பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள்.